பரிசளிப்பு விழாவில் கிடைக்காத புத்தகங்கள்

கிளிநொச்சிப் பக்கம் பள்ளிக்கூடம் போன யாருடைய வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் பரிசுப் புத்தகங்கள் ஒரு வரிசை இருக்கும். பொது அறிவுக் களஞ்சியம், கட்டுரைக் கோவை, வெற்றி பெறுவது எப்படி என்று சொல்லும் ஏதோ ஒன்று, தலைவர் ஒருவரின் வாழ்க்கைச் சுருக்கம். உள்ளட்டையில் பள்ளிக்கூட முத்திரை, அதிபரின் கையொப்பம், ‘தமிழ்மொழி, முதலாம் இடம்’. மேடையில் வாங்கும்போது படம் எடுப்பார்கள். அதோடு சரி. எனக்குக் கிடைத்தவற்றில் சிலவற்றின் தாள்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கின்றன.

கொடுப்பவர்களைக் குறை சொல்ல வரவில்லை. கையில் இருக்கிற காசுக்கு மொத்தமாகக் கிடைப்பது அதுதான். எனக்கு விளங்காதது வேறொன்று. பெரியவர்கள் சின்ன வயதில் தாங்கள் ஒளித்து வைத்துப் படித்ததைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே இல்லை. முத்து காமிக்ஸ் ஒன்று கிடைத்தால் அப்பா சாப்பாட்டை மறந்துவிடுவார் என்று அப்பம்மா சொல்லுவா. அந்த அப்பா எனக்கு வாங்கித் தந்தது ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகம்.

நான் உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவள். இந்த நாட்டில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளம் என்பது எழுதினவர்களுக்குத் தெரியும். இந்த இடைவெளியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வாங்குகிறேன். மாமா வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரு தகரப் பெட்டி, அது நிறையப் புத்தகம். பதிவேடு ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் மரியாதைக்காகப் படிக்கிறவர்கள் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த நாளே விறாந்தையில் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அப்படி ஓடி வராமல் அவர்களுடைய வீட்டிலேயே தங்கிப்போன புத்தகங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். படித்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியிலிருந்து ஒருத்தி எழுதினால் 2009-ஐப் பற்றித்தான் எழுதுவாள் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரம் எனக்கு நான்கு வயது. வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். அதைச் சொல்லும் புத்தகங்கள் வேண்டும், வந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன் ரியூசன் முடிந்து வந்து, படுக்கப் போகும் முன் கையில் எடுக்கிற புத்தகமும் அதுவாகவே இருக்கவேண்டும் என்று யாரும் நெருக்கக் கூடாது. அவன் கொஞ்சம் சிரித்துவிட்டுப் படுக்கட்டும்.

யாராவது வாசித்துக் காட்டவேண்டிய வயதில் இருக்கிற சின்னவர்களுக்கு நான் நவாலியூர் சோமசுந்தரப் புலவரில்தான் தொடங்குவேன். 1953-இல் காலமானவர். அவருடைய ‘ஆடிப்பிறப்பு’ தெரியாத ஈழத்துத் தமிழர் இருக்க மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் போட்டு, கீறிட்ட இடம் நிரப்பச் சொல்லி, அந்தப் பாட்டின் ருசியைக் கொஞ்சம் கெடுத்துவிட்டார்கள்தான். பரவாயில்லை. ‘கத்தரி வெருளி’யை எழுந்து நின்று நடித்துக் காட்டுங்கள். தோட்டத்தில் பழைய சட்டை போட்டு நிற்கிற வெருளியைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு அதில் விளக்கம் சொல்ல ஒன்றுமே இல்லை. ‘பவளக்கொடி’யும் அப்படித்தான்.

தானாக எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கின எட்டு, ஒன்பது வயதுக்கு ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. அலெக்சாந்தர் ரஸ்கின் என்ற ரஷ்ய எழுத்தாளர் எழுதியது. சுகமில்லாமல் கிடந்த தன் மகளுக்கு, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த முட்டாள்தனங்களைச் சொல்லிச் சொல்லியே அவர் இந்தப் புத்தகத்தைச் சேர்த்திருக்கிறார். புதுப் பந்தைக் காருக்கு அடியில் போட்டால் என்ன நடக்கும் என்று பார்க்கிற அப்பா. பெரியவனானதும் இராக்காவல்காரனாக வேண்டும், இல்லை ஐஸ்கிரீம் விற்க வேண்டும், இல்லை நாயாக வேண்டும் என்று மாறி மாறி ஆசைப்படுகிற அப்பா. சோவியத் காலத்தில் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சடித்து அனுப்பிய புத்தகங்களில் ஒன்று. பிறகு தமிழ்நாட்டில் மறுபதிப்புகள் வந்தன. இதைக் கொண்டுபோன ஒரு தங்கச்சி, படித்து முடித்த கையோடு தன் தகப்பனிடம் போய், “நீங்கள் என்ன குழப்படி செய்தனீங்கள்?” என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிசன் வேலியடியில் நின்று என்னிடம் முறைப்பாடு சொன்னார். ஆனால் கொஞ்சம் சந்தோசமாகத்தான் சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்தது படக்கதை. இதில் நான் யாரோடும் சண்டை பிடிக்கத் தயார். காமிக்ஸ் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று இன்னமும் சொல்லும் ரீச்சர்மார் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டவே சோம்பல்படுகிற பெடியனை ஒரு இடத்தில் இருக்க வைத்துப் படிக்கப் பண்ண என்னிடம் இருக்கிற ஒரே வழி இரும்புக்கை மாயாவிதான். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியில் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். ஆய்வுகூட விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பூட்டிக்கொண்ட மனிதர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இங்கிலாந்துப் படக்கதை, நம் அப்பாமாருக்கு அது தமிழ்க் கதைதான். சித்திரங்கள் கறுப்பு வெள்ளை, வசனம் கொஞ்சம் நாடகத்தனம், அதெல்லாம் உண்மை. இருந்தாலும் அந்தக் கை மட்டும் தனியாகக் கதவைத் திறக்கிற பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். 1984-இல் தொடங்கின லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் இருக்கிறார், லக்கி லூக் இருக்கிறார். சிரிக்க விரும்புகிறவர்களுக்கு லக்கி லூக்.

பழைய அம்புலிமாமாக் கட்டு எங்காவது கண்டால் விடாதீர்கள். 1947-இல் தொடங்கின இதழ். முருங்கை மரத்தில் ஏறி உடலை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கிற அந்தப் படத்தை வரைந்த சங்கர், அதாவது கே. சி. சிவசங்கரன், 2020-இல்தான் காலமானார். வேதாளத்தின் கேள்விக்கு அரசன் பதில் சொல்லும் முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பதில் சொல்லச் சொல்லுவேன். சொல்லி முடிய ஒரு பெரிய வழக்கே நடக்கும்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிற புத்தகத்துக்கு வருகிறேன். ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. தெத்சுகோ குரோயநாகி ஜப்பானிய மொழியில் எழுதி 1981-இல் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குழப்படிக்காரச் சின்னப் பெண்ணை முதல் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க முடியாது என்று அனுப்பிவிடுகிறார்கள். வகுப்பு நடக்கும்போது மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுவாள், ஜன்னலடியில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரரைக் கூப்பிடுவாள். அம்மா அவளை டோமோயே என்ற வேறு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறா. அங்கே வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே அவளை முன்னால் இருத்தி, சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லு என்கிறார். அவள் நான்கு மணித்தியாலம் கதைக்கிறாள். அவர் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை.

நான் இதைப் படித்த வயதில் ரயில் பெட்டி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. எங்கள் பக்கத்துத் தண்டவாளங்கள் போர்க்காலத்தில் இல்லாமல் போய்விட்டன. 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்கு மறுபடியும் ரயில் வந்தது, ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. ஆனால் பள்ளிக்கூடம் போல இல்லாத பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். மீள்குடியேறின புதிதில் எங்கள் முதலாம் வகுப்பு தறப்பாள் கொட்டிலில்தான் நடந்தது. மத்தியானம் தறப்பாள் கொதிக்கும், ரீச்சர் எங்களை மர நிழலுக்கு மாற்றிவிடுவா. மரத்தடியில் படித்ததைப் பரிதாபமாகத்தான் பெரியவர்கள் இப்போதும் சொல்லுகிறார்கள். எங்களுக்கு அது நல்ல சந்தோசம்! அணில் பார்க்கலாம், மண்ணில் கீறலாம். டோட்டோ சானைப் படித்தபோதுதான் அந்தச் சந்தோசத்தைச் சொல்லலாம் என்று எனக்குத் துணிவு வந்தது.

இந்தப் புத்தகத்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிற இடம், டோட்டோ சான் தன் பணப்பையை மலசலகூடக் குழிக்குள் விழுத்திவிட்டு, அதைத் தேடி எல்லாவற்றையும் அள்ளி வெளியே குவிக்கிற அத்தியாயம். அந்த வழியால் வருகிற தலைமையாசிரியர் ஏசவில்லை, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். ஒழுங்கையில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டாத பிள்ளை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் ‘கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்’ இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டு வருவதும் அவர்களுக்குப் பிடிக்கும். போலியோ வந்த யாசுவாகியை டோட்டோ சான் ஏணி வைத்துத் தள்ளி இழுத்து மரத்தில் ஏற்றுகிற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படிக்கிறேன். கடைசியில், 1945-இல், குண்டுவீச்சில் அந்தப் பள்ளிக்கூடம் எரிந்துபோகிறது. எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கோபயாஷி தன் மகனிடம், அடுத்ததாக எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கேட்கிறார். எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் அழுவதில்லை. ஒருவன் என்னிடம் கேட்டது, “பிறகு கட்டினவரோ அக்கா?” என்றுதான்.

சாகசக் கதை கேட்கிறவர்களுக்கு இரண்டு தீவுகளைக் கைகாட்டுவேன். ஒன்று மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’. 1947-இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள், 1976-இல் படமாகவும் வந்தது. உபாலி என்ற பெடியனும் ஜின்னா என்ற அவனுடைய கூட்டாளியும் வீட்டைவிட்டு ஓடிப்போய், ஆள் வசிக்காத ஒரு சின்னத் தீவைத் திருத்திப் பயிர் செய்கிறார்கள். ஊரார் பேய் இருக்கிறது என்று பயப்படுகிற தீவு. தெற்கே கொக்கலை ஏரிப்பக்கத்துக் கதை. எங்கள் பிள்ளைகளில் அனேகமானவர்களுக்குச் சிங்களம் என்பது படிவங்களிலும் சீருடைகளிலும்தான் அறிமுகம். களவாக மாங்காய் பிடுங்கவும் வாத்தியாருக்கு ஒளிக்கவும் தெரிந்த ஒரு சிங்களப் பெடியனை அவர்கள் இந்தப் புத்தகத்தில்தான் முதலில் சந்திக்கிறார்கள். நல்லிணக்கம் என்று பெயர் போட்டு நடத்துகிற பட்டறைகளுக்குப் போய் வந்திருக்கிறேன்; அங்கே தேநீரும் வடையும் நன்றாக இருந்தன.

மற்றது ‘ராபின்சன் குரூசோ’. டானியல் டிஃபோ 1719-இல் எழுதியது. தமிழில் சுருக்கப் பதிப்புகள் நிறைய உண்டு, சின்னவர்களுக்குச் சுருக்கமே போதும். இதைக் கொடுக்கும்போது நான் கூடவே ஒரு உண்மைக் கதையும் சொல்லுவேன். 1660-இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கின ஒரு ஆங்கிலேயக் கப்பலின் ஆட்களைக் கண்டி அரசன் பிடித்து வைத்துக்கொண்டான். அதில் ஒருவன் ரொபர்ட் நொக்ஸ், கப்பல் தலைவனின் மகன். அப்போது அவனுக்குக் கிட்டத்தட்ட என் வயது. தகப்பன் சிறையிருப்பிலேயே செத்துப்போனார். மகன் பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்திலேயே கிடந்தான். தொப்பி பின்னி விற்றான், வியாபாரி மாதிரி ஊர் ஊராகத் திரிந்து வடக்கே போகிற பாதைகளை விசாரித்து வைத்தான். 1679-இல் ஒரு கூட்டாளியோடு அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு, யானைக்குப் பயந்து பயந்து காட்டுக்குள்ளால் நடந்து, கடைசியில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தான்.

அந்த மல்வத்து ஓயாதான் எங்கள் பக்கத்துக்கு வரும்போது அருவி ஆறு. அரிப்பு மன்னார் மாவட்டத்தில், கடலோரம். கோட்டையின் இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. (தேர்தல் வந்தால் அரிப்புக்காரர் வன்னி மாவட்டத்தோடு வாக்களிப்பார்கள், கிளிநொச்சியில் இருக்கிற நாங்கள் யாழ்ப்பாணத்தோடு. அது வேறு கதை.) நொக்ஸ் இங்கிலாந்துக்குப் போய் 1681-இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டான். டிஃபோ அதைப் படித்தவர்; 1720-இல் வந்த தன் இன்னொரு நாவலில் நொக்ஸின் கதையையே எடுத்துச் சொல்லியிருக்கிறார். குரூசோவின் தனிமைக்குள்ளும் நொக்ஸ் கொஞ்சம் இருக்கிறான் என்று எழுதுகிற ஆய்வாளர்கள் உண்டு. இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் குரூசோவைப் படிக்கிற விதமே வேறாகிவிடுகிறது. “எங்கட காட்டுக்குள்ளால நடந்தவனோ?” என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

பதினைந்து தாண்டினவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இந்த வயதில் சிரிக்கிற புத்தகம் கொடுப்பது கஷ்டம். எல்லாவற்றுக்கும் ‘சின்னப்பிள்ளைத்தனம்’ என்பார்கள். அவர்களுக்கு என்னிடம் செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ இருக்கிறது. 1969-இல் வந்த நகைச்சுவை நாவல். யாழ்ப்பாணத்துக் கிராமத்து ஆச்சி ஒருத்தி கதிர்காமத்துக்குப் பயணம் வெளிக்கிடுகிறாள், அவ்வளவுதான் கதை. நான் இதை என் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சிரித்தா, பிறகு ஆச்சியின் பக்கம் சேர்ந்துகொண்டு மற்ற எல்லோரையும் ஏசத் தொடங்கிவிட்டா. செங்கை ஆழியான் என்ற க. குணராசா (1941–2016) நிர்வாக சேவையில் இருந்தவர், வன்னியிலும் வேலை பார்த்தவர். இதை முடித்தவர்கள் அடுத்ததாக அவருடைய ‘வாடைக்காற்று’க்குப் போகலாம். நெடுந்தீவு, வாடைக்காற்றுக் காலத்தில் வந்து வாடி போடுகிற மீனவர்கள், காதல், சண்டை. எங்கள் காட்டுக் கிராமங்களைப் பற்றின ‘காட்டாறு’ அதைவிடக் கனமான புத்தகம், அவசரப்பட வேண்டாம்.

ஆனால் வன்னியில் வளர்கிற ஒரு பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் ஒரே ஒரு ஈழத்து நாவல்தான் படிக்கப் போகிறது என்றால், நான் ‘நிலக்கிளி’யைத்தான் கையில் வைப்பேன். அ. பாலமனோகரன் எழுதி, 1973-இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியிருந்தது. வாசிக்கக் கை பரபரத்த ஆட்களுக்கு வீரகேசரி மலிவு விலையில் ஈழத்து நாவல்களாகப் போட்டுத் தள்ளியது, அந்த வரிசையில் வந்ததுதான் இது. ‘வாடைக்காற்று’ம் அப்படி வந்ததுதான்.

கதை நடப்பது முல்லைத்தீவில், தண்ணிமுறிப்பில். குளமும் காடும் நாலு வீடும். கதிராமன் என்ற இளைஞன், பதஞ்சலி என்ற பெண், வெளியிலிருந்து வந்து சேர்கிற ஒரு வாத்தியார். பதினாறு வயதில் இதை எடுத்தபோது காதல் கதை என்றுதான் எடுத்தேன், காதல் கதைதான். ஆனால் என்னைப் பிடித்து வைத்தது வேறு. காட்டுக்குள் எப்படி நடக்கிறார்கள், குளத்தடியில் என்ன மணக்கிறது, மழைக்கு முன்னால் மிருகங்கள் என்ன செய்யும் என்பதெல்லாம் எங்கள் அப்பப்பா கதைக்கிற மாதிரியே அச்சில் இருந்தது. அதுவரை நான் படித்த நாவல்களில் பெண்கள் தஞ்சாவூரில் கோலம் போட்டார்கள், மெட்ராஸில் பஸ்சுக்கு நின்றார்கள். பாலைமரம் நிற்கிற நாவல் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பதஞ்சலிக்கு நடப்பது ஒன்று கதையின் பிற்பகுதியில் இருக்கிறது. அதனால்தான் பதினாறு என்று வயது சொல்கிறேன். படித்துவிட்டு யாரோடாவது அதைக் கதைக்க வேண்டும் போலிருக்கும், கதையுங்கள். நாவல் வந்து பதினொரு வருடத்தில், 1984-இல், தண்ணிமுறிப்புச் சனம் இடம்பெயர்ந்து போய்விட்டது. அந்த ஊர் அப்போது எப்படி இருந்தது என்று அறிய என் வயதுக்காரருக்கு இந்த நாவல் ஒன்றுதான் கையில் இருக்கிறது.

சரி, பெயர் பெற்ற இரண்டு புத்தகங்களைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம். ‘குட்டி இளவரசன்’ பிள்ளைகள் புத்தகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். செந்த் எக்சுபெரி 1943-இல் எழுதியது, தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே அழகாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் நரி வரும் முன்பே தூங்கிவிடுகிறார்கள். பதினேழில் படித்தால்தான் அது வேலை செய்கிறது. ஆனால் முதல் படத்தை மட்டும் எந்த வயதுக்கும் காட்டலாம். பெரியவர்கள் எல்லோரும் தொப்பி என்று சொல்கிற அந்தப் படத்தை எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவனுக்குக் காட்டினேன். அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “வெங்கிணாந்தி எதையோ விழுங்கிப்போட்டுக் கிடக்கு” என்றான். வெங்கிணாந்தி என்றால் எங்கள் பக்கத்தில் மலைப்பாம்பு; படத்தில் இருப்பதும் யானையை விழுங்கின மலைப்பாம்புதான். அவன் குளத்துக்கட்டில் கண்டிருக்கிறான்.

இரண்டாவது, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டு அடி வாங்குகிற ஒரு மாணவியின் கதை. நல்ல கதை, படித்து அழுதேன். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன். அது ரீச்சர்மாருக்கான புத்தகம். பரிசளிப்பு விழாவில் மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம்.

‘கடலும் கிழவனும்’ பற்றி ஒரு சின்னச் சம்பவம். ஹெமிங்வே எழுதியது, தமிழில் எம்.எஸ். மொழிபெயர்த்தது. மெல்லிய புத்தகம் என்பதால் தைரியமாக எடுத்துப்போவார்கள். முல்லைத்தீவில் கடற்தொழில் செய்கிற சித்தப்பா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் அதை எடுத்துப் படித்தார். எண்பத்துநான்கு நாள் மீன் படாத கிழவன் தனியாக ஆழ்கடலுக்குப் போகிறான், படகைவிடப் பெரிய மீன் தூண்டிலில் படுகிறது, கொண்டுவரும் வழியில் சுறாக்கள் அதைத் தின்று முடிக்கின்றன. சித்தப்பா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “ஒற்றையாளாய் அவ்வளவு தூரம் போனது பிழை” என்றார். பிறகு சாப்பிடும்போது, சுறா வந்தால் தான் என்ன செய்திருப்பார் என்று அரை மணித்தியாலம் விளக்கினார். அவர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு படித்த முதல் கதைப்புத்தகம் அது.

ஹாரி பாட்டரைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. முதல் புத்தகம் ‘ஹாரி பாட்டரும் இரசவாதக் கல்லும்’ என்று தமிழில் பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. படம் பார்த்தவர்களும் படியுங்கள்.

எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். புதுப் புத்தகம் வாங்குவது இப்போது லேசான காரியம் இல்லை. 2022 நெருக்கடியில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அதற்குப் பிறகு ஏறின விலை இறங்கவில்லை, இந்தியாவிலிருந்து வருகிற புத்தகங்கள் அதைவிட மோசம். பிரதேச சபை நூலகத்தில் சேருங்கள், சிறுவர் பகுதியில் இல்லாவிட்டால் பெரியவர்கள் பகுதியில் தேடுங்கள்; நல்ல சிறுவர் புத்தகங்கள் பல அங்கேதான் மாறிக் கிடக்கும். போன் கையில் இருந்தால் நூலகம் இணையத்தளம் இருக்கிறது. 2005-இல் தொடங்கி, ஈழத்துப் பழைய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் படி எடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அம்மா போனைப் பறிக்க வந்தால் திரையைக் காட்டலாம்.

‘பொன்னியின் செல்வன்’ மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியது; ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாராவது ஒருவருடைய கழுத்துக்குக் கத்தி வந்துவிடும், ஆகவே ஐந்து பாகம் என்று பயப்பட வேண்டாம். வந்தியத்தேவன் இரண்டாம் பாகத்தில் கடல் தாண்டி இங்கே வருகிறான். மாதோட்டம் வரும்போது எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே இருக்கிற திருக்கேதீச்சரக் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் அல்லவா. என்னிடம் இருந்த அச்சுப் பிரதியில் மூன்றாம் பாகத்தை ஒருவர் கொண்டுபோய் இன்னும் தரவில்லை. பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டுத் தினமும் வந்து படலையடியில் நிற்கிறான், போனில் படிக்க மாட்டானாம். அந்த மூன்றாம் பாகம், ‘கொலை வாள்’, யாரிடமாவது பழைய பிரதி இருந்தால் சொல்லுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.